கொல்லைத் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொல்லைத் தோட்டம் அமைப்பது பற்றிய கேள்விகளை அனுப்பி வைக்குமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவிரிப் படுகையிலிருந்தே வந்திருப்பதால், இம்முறை அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் பொருந்தும் பதில்களை மட்டும் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: புறநகரில், முன்பு நெல் வயலாக இருந்த மனையில் வீடு கட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வடக்கே 30 அடி அகலமும் 40 அடி நீளமுமாகக் கொல்லை இருக்கிறது. மனை முழுவதும் இரண்டடி உயரத்துக்குச் செம்மண் அடித்து மேடாக்கினோம். சென்ற ஆவணியில் எலுமிச்சை, முருங்கை, பப்பாளி, மாதுளை என்று பத்துக் கன்றுகள் நட்டோம். கார்த்திகை மழை முடிவதற்குள் இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் பட்டுப்போயின. மண் ஈரமாகக்கூடத் தெரியவில்லை. ஆனால் வேர் அழுகியிருந்தது. இம்முறை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: கன்றிலிருந்து தொடங்கியதுதான் சென்ற முறை நேர்ந்த பிழை. நம் படுகையில் கொல்லையைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்: கார்த்திகையில் அது எங்கே நிற்கிறது, சித்திரையில் அது எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் நாற்றங்காலுக்குப் போக வேண்டும்.

உங்கள் மனையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டுக்கணக்கில் சேற்றுழவு செய்த நெல் வயலில், மேல் மண்ணுக்கு அரையடி முக்காலடி கீழே மண் இறுகி ஒரு தட்டுப் போல ஆகிவிடும். நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்தித் தருவது அந்தத் தட்டுதான். நீங்கள் அடித்த செம்மண் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழை நீர் செம்மண்ணில் எளிதாக இறங்கி, களிமண் தட்டைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடுகிறது. மேலே பார்த்தால் மண் பொலபொலவென்று இருக்கும், ஒன்றரை அடிக்குக் கீழே குளம் கட்டியிருக்கும். பப்பாளியும் முருங்கையும் எலுமிச்சையும் வேரில் நீர் நிற்பதைப் பொறுக்கவே பொறுக்காத இனங்கள். பாபநாசத்துக்கு அருகில் எங்கள் கொல்லையின் தென்மேற்கு மூலையில் இரண்டு முறை எலுமிச்சை வைத்து இரண்டு முறையும் இழந்த பிறகுதான், அந்த மூலையில் மூன்றடிக்குத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நீங்களும் கொல்லையில் நான்கைந்து இடங்களில் பழைய வயல் மண் தட்டுப்படும் வரை ஓரடி அகலத்தில் குழி எடுங்கள். குழி நிறைய நீர் ஊற்றி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். நீர் இன்னும் நின்றால் அங்கே குழி எடுத்து எந்த மரத்தையும் வைக்கக் கூடாது. ஆற்று மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலப்பது செங்கல்லுக்கு மண் பிசைவதற்கு ஒப்பாகுமே தவிர வடிகால் தராது. ஜிப்சமும் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் மருந்து. மண் பரிசோதனை செய்யாமல் அதை வாங்கிக் கொட்ட வேண்டாம்.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது சரிவு. வீட்டிலிருந்து கொல்லையின் கடைசி வரை 40 அடிக்கு 5 அங்குலம் சரிவு வருமாறு மண்ணை இழுத்து, சுற்றுச்சுவரை ஒட்டி ஓரடி அகல வாய்க்கால் எடுத்து, தாழ்ந்த மூலையில் சேர்த்து, அங்கிருந்து வெளியே வடிய வழி வைக்க வேண்டும். உறிஞ்சு குழி ஒன்று போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் நிலத்தடி நீரே மேலேறி நிற்கும்போது, உறிஞ்சு குழி எதை உறிஞ்சும்? தாழ்ந்த மூலையை ஈரம் விரும்பும் சேம்புக்கும் கல்வாழைக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சிய நீருக்குச் சுவரில் ஒரு வாய் வைப்பதே உருப்படியான வழி.

இரண்டாவது மேடு. மரக்கன்றுகளைக் குழியில் அல்ல, ஒன்றரை முதல் இரண்டு அடி உயரமும் ஐந்தடி அகலமும் உள்ள மண் மேட்டின் மேல் நடுங்கள்; காய்கறிகளுக்கு முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தி போதும். மூன்றாவது மண்ணுக்குச் சோறு. அடித்த செம்மண்ணில் மக்கு என்று எதுவுமே இருக்காது. வைகாசியில் கொல்லை முழுவதும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, 40 முதல் 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கிக் கொத்திவிடுங்கள். வயலுக்குச் செய்வதை வீட்டுக் கொல்லைக்கும் செய்யலாம் என்பது நம்மில் பலருக்கு ஏனோ தோன்றுவதில்லை. அத்துடன் மக்கிய தொழுவுரமும், கோடையில் உரிய அனுமதியுடன் குளத்திலிருந்து எடுக்கும் வண்டலும் சேர்ந்தால், ஓராண்டில் அந்தச் செம்மண் உங்கள் கைக்கே வேறு மண்ணாகத் தெரியும்.

இனி வெயில். உங்கள் கொல்லை வீட்டுக்கு வடக்கே இருப்பதால் இதைக் கணக்கில் கொண்டே ஆக வேண்டும். தஞ்சாவூரில் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முற்பாதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருப்பதால் உங்கள் கொல்லைக்குச் சுவரடி வரை வெயில் கிடைக்கும். மார்கழியிலோ 20 அடி உயர வீட்டின் நிழல் நண்பகலிலேயே வடக்கே 13, 14 அடிக்கு நீளும். ஆகவே வீட்டை ஒட்டிய முதல் 15 அடியைத் துணி உலர்த்தவும் உட்காரவும் பாத்திரம் துலக்கவும் வைத்துக்கொண்டு, அங்கே ஓமவல்லி, வெற்றிலை போன்ற நிழல் பொறுக்கும் செடிகளை மட்டும் வையுங்கள். நடுப்பகுதி முழுவதும் காய்கறிக்கு. உயர வளரும் மரங்கள் வடக்கு ஓரத்தில் இருந்தால் தைமாதத்து அவரையின் மேல் அவற்றின் நிழல் விழாது. மேற்கு ஓரத்தில் ஒரு மரம் இருந்தால் சித்திரை மாலையில் கீரைப்பாத்தி வாடாது.

இந்த அளவுக் கொல்லைக்கு நான்கு மரங்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வடக்கே ஒட்டு மா ஒன்று, மேற்கே கொய்யா ஒன்று, மேட்டின் மேல் எலுமிச்சை ஒன்று, மூலையில் முருங்கை ஒன்று. ஆவணியில் நட்ட கன்று வேர் ஊன்றுவதற்குள் மழை வந்துவிடும். மழை ஓய்ந்த தை மாதத்தில் நடுங்கள். ஆனால் மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல்தான் திறக்கப்படும் என்பதையும், ஆற்றில் நீர் நின்றதும் கிணறுகள் இறங்கும் என்பதையும் நினைவில் வைத்து, கோடை முழுவதும் ஊற்ற முடிகிற எண்ணிக்கையில் மட்டும் வாங்குங்கள். காய்கறிக்கு ஆடிப்பட்டத்தைவிடச் சிறந்தது இல்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எங்களுடையது தெருவிலிருந்து பின்வாசல் வரை நீண்டு செல்லும் பழைய வீடு. கொல்லை 14 அடி அகலமும் 90 அடி நீளமும் கொண்டது; இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள். குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய மூன்றின் நீரும் ஒரே குழாயில் வந்து வாழையடியில் விழுகிறது. வாழை முன்போல் இல்லை, கொசுவும் பெருகிவிட்டது.

பதில்: மூன்று நீரையும் பிரிப்பதுதான் முதல் வேலை. குளியல் நீரும் அரிசி, காய் கழுவிய நீரும் வாழைக்கு நல்லவை. துணிச்சோப்புத் தூளில் சோடியம் மிகுதி. அது களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, மண்ணை நனைந்தால் குழம்பாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆக்கிவிடும். இயந்திரத்தின் நீரைத் தெருச் சாக்கடைக்கே அனுப்பிவிடுங்கள். பாட்டி காலத்தில் கொல்லை வாழை செழித்ததற்குக் காரணம், அன்று அந்த நீரில் சாம்பலும் சீயக்காயும் இருந்தனவே தவிர இன்றைய தூள்கள் இல்லை.

பிரித்த நீர் ஒரே இடத்தில் விழக் கூடாது. ஒரு சிறு தொட்டியில் சரளைக் கல்லைப் போட்டு, நீரை அதன் வழியாக வடியவிட்டு, அங்கிருந்து ஒரு வாய்க்காலில் ஆறடிக்கு ஒரு வாழையாக ஐந்து மரங்களுக்கு மடை மாற்றி மடை மாற்றிப் பாய்ச்சுங்கள். ஒரு மடையில் இன்று பாய்ந்தால் மறுபடி ஐந்தாம் நாள் பாயட்டும். இடையில் மண் உலர்ந்துவிடுவதால் கொசு முட்டையிட நீர் இருக்காது. ஒவ்வொரு வாழைக்கும் ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு மற்றவற்றைத் தொடர்ந்து அறுத்துவிடுங்கள். கொல்லை வாழை மெலிவதற்கு, ஒரு தூரில் எட்டுக் கன்றுகளை வளரவிடும் நம் இரக்கமும் ஒரு காரணம். ரகம் மாற்றுவதாக இருந்தால் பூவன் வையுங்கள்: சாப்பாட்டுக்கு இலை கிடைக்கும், ரஸ்தாளியைத் தாக்கும் வாடல் நோய்க்கும் அது எளிதில் ஆட்படாது.

குறுகிய கொல்லைக்கு நடுவில் பாதை போட்டால் இருபுறமும் எதற்கும் உதவாத இரண்டு நாடாக்கள் மிஞ்சும். பாதையை ஒரு சுவரை ஒட்டி மூன்றடியில் போட்டு, மீதி பதினோரு அடியை ஒரே பரப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரில் கம்பி கட்டி அவரையோ கோவையோ ஏற்றலாம். நடுவில் ஓர் அகத்தியை வைத்து அதன் மேல் வெற்றிலையைப் படரவிடலாம். கொடிக்காலில் வெற்றிலைக்குக் கால் கொடுப்பது அகத்திதானே. மாசிக்குப் பிறகு கீரைக்கும் அது ஆகும்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகி: புதுவீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மூன்று ஆண்டுகளாக இடுப்புயரத்திலேயே நிற்கிறது. புளித்த மோர் ஊற்றியும் பயனில்லை. கொழுந்து மஞ்சளாகவே வருகிறது.

பதில்: கொழுந்து மட்டும் மஞ்சளித்து நரம்புகள் பச்சையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அது இரும்புச் சத்துக் குறைவு. புதுவீடு என்று நீங்கள் எழுதியிருப்பதால், அடியில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த கட்டட இடிபாடு புதைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. செடியைச் சுற்றி இரண்டடி தள்ளித் தோண்டி, செங்கல் துண்டும் சிமெண்டும் கிடைத்தால் பொறுக்கி எடுத்துவிட்டு, மக்கிய எரு கலந்த வயல் மண்ணால் நிரப்புங்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறும் சேர்த்து, மாலை நேரத்தில் இலையில் தெளித்தால் சில வாரங்களில் கொழுந்து தேறும். பிறகு நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், கிளைக்கும். இலைகளில் பறவை எச்சம் போலத் தெரியும் புழு வண்ணத்துப்பூச்சியினுடையது. கையால் எடுத்துவிட்டால் போதும், மருந்து வேண்டாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் கொல்லையில் இருந்த ஏழு தென்னைகளும் சாய்ந்தன, ஒன்று சமையல் கட்டின் மேல் விழுந்தது. அடிக்கட்டைகள் சில இன்னும் அப்படியே கிடக்கின்றன. தென்னை இல்லாத கொல்லையைப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. மறுபடி வைக்கலாமா?

பதில்: வையுங்கள். ஆனால் ஏழு வேண்டாம், இரண்டோ மூன்றோ போதும். நட்டு வளர்த்த மரங்கள் ஓர் இரவில் மல்லாந்து கிடந்ததைப் பார்த்த பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டு மக்களுக்கு இந்தக் கேள்வி வெறும் தோட்டக் கேள்வி அன்று என்பதை அறிவேன்.

நடுவதற்கு முன் பழைய அடிக்கட்டைகளை வேரோடு அகற்றுங்கள். மட்கும் தென்னந்துண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அதைவிட முக்கியமானது அடித்தண்டு அழுகல் நோய். 1952-இல் புயலுக்குப் பின் நம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் அதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். அந்தக் காளான் செத்த கட்டையிலும் வேரிலும் உயிரோடிருந்து புதுக்கன்றுக்கு வரும். அடிமரத்தில் செம்பழுப்பு நீர் கசிவதே அதன் முதல் அடையாளம். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுவதும், பாசன வசதி இருந்தால் இடையில் வாழை வைப்பதும் அதைத் தடுக்கப் பரிந்துரைக்கப்படும் முறைகள்.

நெட்டைத் தென்னை 60 அடியைத் தாண்டும். வீட்டுக் கொல்லையில் எங்கே வைத்தாலும் அது சாய்ந்தால் வீட்டை எட்டும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே வீட்டுக்கு அருகில் சௌகாட் ஆரஞ்சு போன்ற குட்டை ரகம் ஒன்றை இளநீருக்காக வைத்து, நெட்டையைக் கொல்லையின் கடைக்கோடியில் மட்டும் வையுங்கள். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. கன்றை அங்கே விசாரித்து வாங்குங்கள். மரத்துக்கு மரம் 25 அடி, சுவருக்கு 15 அடி. உங்கள் செம்மண்ணில் நீர் நிற்காது என்பதால், தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, மூன்றடி ஆழக் குழி எடுத்து, இரண்டடிக்கு மண்ணும் எருவும் நிரப்பி, கன்றை ஓரடிப் பள்ளத்தில் நட்டு, தூர் பருக்கப் பருக்க மண் அணையுங்கள். ஆழ நட்ட மரம் காற்றுக்கு நன்றாக நிற்கும். தண்ணீரையும் உரத்தையும் தூரை ஒட்டி ஊற்றாமல், ஆறடி ஆர வட்டப்பாத்தியில் கொடுத்தால் வேர் பரவும்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: கொல்லை முழுவதும் புல்தரை போட விரும்புகிறேன்.

பதில்: குழந்தைகள் விளையாட ஒரு மூலையில் இருநூறு சதுர அடிக்குப் போடுங்கள், நம் ஊர் அறுகம்புல்லே போதும். பங்குனி, சித்திரையில் முழுக் கொல்லைப் புல்லுக்கு நாள்தோறும் தண்ணீர் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்: கடற்கரையிலிருந்து சிறிது தொலைவில் மணற்பாங்கான கொல்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் ஆண்டுக்கு ஆண்டு கரித்துக்கொண்டே வருகிறது. செடிகளின் இலை நுனி கருகுகிறது.

பதில்: மணற்பாங்கான கரையில் மழை நீர் உப்பு நீரின் மேல் மிதப்பது போல ஓர் அடுக்காகத் தங்கியிருக்கிறது. ஆழத் துளைத்து வேகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். இன்னும் ஆழப்படுத்தினால் இன்னும் கரிக்கும். முன்னோர் ஆழமில்லாத கிணறுகளையும் ஊற்றுகளையும் வைத்துக்கொண்டது காரணமில்லாமல் இல்லை. உறை இறக்கிய ஆழமில்லாத கிணறு ஒன்றை வெட்டி, குறைந்த அளவில் இறைத்து, கூரை நீர் முழுவதையும் அதன் அருகில் மண்ணில் இறக்குங்கள். படுகையின் களிமண் பகுதியில் பயன்படாது என்று மேலே நான் சொன்ன உறிஞ்சு குழி உங்கள் மணலில் அருமையாக வேலை செய்யும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் நீர் கிடைக்கும். வடகிழக்குப் பருவ மழையில் அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மழை மண்ணின் உப்பைக் கழுவி இறக்கிய பிறகு, கார்த்திகை இறுதியில் காய்கறி விதையுங்கள். வைகாசியில் விதைத்தால் முளைப்பதே அரிது. தென்னையும் சப்போட்டாவும் உப்பைத் தாங்கும். முருங்கையும் முல்லையும் உங்கள் பகுதி மணலில் செழிப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கு ஓரத்தில் புன்னையையும் பூவரசையும் நெருக்கி வைத்தால், உப்புக் காற்று அவற்றின் மேல் மோதித் தணிந்து உள்ளே வரும். தண்ணீரை இலையில் படாமல் தூரில் மட்டும் ஊற்றி, மண்ணை வைக்கோலால் நான்கு விரற்கடைக் கனத்துக்கு மூடிவையுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி: என் மாமியாருக்கு வயது எழுபத்தாறு. பூஜைக்குப் பூப்பறிக்க விடியற்காலையில் கொல்லைக்குப் போவார். சென்ற ஐப்பசியில் பாசி படிந்த கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கொல்லை முழுவதும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாடிப்போயிருக்கிறார்.

பதில்: முழுவதும் சிமெண்ட் போடாதீர்கள். வழவழப்பான சிமெண்ட் தளத்திலும் மழைக் காலத்தில் பாசி பிடிக்கும். வழுக்கலும் குறையாது, பூவும் இருக்காது. பின்வாசலிலிருந்து பூச்செடிகள் வரை நான்கடி அகலத்தில், இருவர் சேர்ந்து நடக்கும்படி ஒரு பாதை மட்டும் போடுங்கள். சுட்ட செங்கல்லைக் குத்தாக அடுக்கி, மண்ணிலிருந்து மூன்று அங்குலம் உயர்த்தி, நடு மேடாகவும் ஓரங்கள் தாழ்வாகவும் அமைத்தால் நீர் நிற்காது. பாதையின் மேல் வெயில் படும்படி மேலே கவிந்த கிளைகளைப் புரட்டாசியிலேயே கழித்துவிடுங்கள், ஏனெனில் பாசிக்கு ஈரத்தைப் போலவே நிழலும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை ஈர்க்குமாற்றால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு பக்கம் இடுப்புயரத்தில் குழாய்க் கைப்பிடியும், வாசலில் சுவிட்ச் வைத்த விளக்கும், நடுவில் ஒரு கல் பெஞ்சும் அவசியம். பாம்புக்கு அஞ்சாமல் நடக்க, பாதையின் இருபுறமும் இரண்டடிக்குத் தரை தெரிய வேண்டும்.

பவழமல்லி விடிவதற்குள் தானே உதிர்ந்துவிடும். அதைக் குனிந்து பொறுக்க நேராமல், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி இரவில் வெள்ளைத் துணியை விரித்துவிடுங்கள். செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் நான்கடி உயரத்துக்கு மேல் போகாமல் ஆண்டுக்கு இருமுறை வெட்டிவிட்டால், மார்பளவில் பூக்கும். துளசி மாடம் பாதையை ஒட்டியே இருக்கட்டும்.

செடிகளை வாங்குவதற்கு முன், அவை வரவேண்டிய இடங்களில் குச்சி நட்டு வைத்து, உங்கள் மாமியாரை ஒரு வாரம் காலையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கைக்கு எட்டாத குச்சியை அவர் சொல்லும் இடத்துக்கு நகர்த்திய பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.